இருதயத்தில் பழுதில்லை என்றால், பிள்ளையின் இருதயம் ஏன் களைக்கிறது?

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தந்தை கேட்டிருக்கிறார்: "மகள் பிறந்து 12 நாள். மூன்றாம் நாளிலிருந்து பால் குடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறாள். இருதய ஸ்கானில் ஓட்டையோ வால்வுப் பழுதோ இல்லை என்றார்கள். பிறகு உச்சியில் வைத்து ஸ்கான் பார்த்துவிட்டு, தலைக்குள் இரத்தக் குழாய்கள் பிறவியிலேயே பிழையாகத் தொடுபட்டிருக்கின்றன, அதனால்தான் இருதயம் செயலிழக்கிறது என்கிறார்கள். கொழும்புக்கு அனுப்பப் போகிறார்களாம். தலையில் உள்ள பிழைக்கு இருதயம் ஏன் பாதிக்கப்பட வேண்டும்? கிரகணத்தன்று மனைவி முற்றத்தில் இறங்கியதால் வந்த வினை என்று மாமி அழுகிறார். மனைவி சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். பிள்ளை பிழைக்குமா?"

தம்பி, முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிடுவோம். "இருதயச் செயலிழப்பு" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் இருதயம் நின்றுவிட்டது என்றோ, நாளைக்குள் நின்றுவிடும் என்றோ குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. வார்ட்டுக்கு வெளியே வாங்கில் இருந்துகொண்டு உறவினர்கள் ஒப்பாரி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்; உள்ளே பிள்ளை கண்ணை விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தை அனுப்பி இருதயத்துக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். நான் எப்போதும் இருதயத் தளர்ச்சி என்றே சொல்வேன். உங்கள் மகளின் இருதயம் சோம்பிக் கிடக்கவில்லை. அதே எடையுள்ள மற்றக் குழந்தையின் இருதயத்தைவிட மிகக் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. உழைப்பின் பெரும்பகுதி வீணாகப் போகிறது, அதனால் களைக்கிறது.

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் நாடி, நாளம், மயிர்த்துளைக்குழாய் என்று மூன்று வகைக் குழாய்களைப் படித்திருப்பீர்கள். இருதயத்திலிருந்து அழுத்தத்தோடு வருவது நாடி. இருதயத்துக்குத் திரும்பிப் போவது நாளம். இரண்டுக்கும் நடுவில், ஒரே ஒரு கல வரிசையால் ஆன சுவரோடு, தலைமயிரைவிட மெல்லியதாக இருப்பவை மயிர்த்துளைக்குழாய்கள். ஒட்சிசன் திசுக்களுக்கு இறங்குவது அங்கேதான். அவற்றுக்குச் சற்று முன்னால் உள்ள சிறு நாடிகள் குறுகி நின்று, வரும் வேகத்தை அடக்கி, அளந்து விடுகின்றன. அந்தத் தடை இருப்பதால்தான் உடம்பு முழுவதும் அழுத்தம் நிலைக்கிறது, கால் விரல் வரைக்கும் இரத்தம் போகிறது.

நீங்கள் படுவான்கரைக்காரர், வயல் தெரிந்தவர் என்று நினைத்துச் சொல்கிறேன். உன்னிச்சைக் குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. ஒவ்வொரு வயலும் தன் வக்கடையால் அளவாக எடுத்துக்கொள்கிறது. பாய்ந்தது போக மிச்சம் வடிச்சலில் விழுகிறது. வாய்க்காலின் கட்டு ஓரிடத்தில் உடைந்து, பக்கத்தில் ஓடும் வடிச்சலுக்குள் தண்ணீர் நேராக விழத் தொடங்கினால் என்ன நடக்கும்? உடைப்புப் பக்கம் இரைச்சலோடு பாயும். கடைசி வயல் காயும். கடைசி வயல்காரர் வட்டவிதானையாரிடம் ஓடிவந்து தண்ணீர் போதாது என்பார். உடைப்பு யார் கண்ணுக்கும் படாவிட்டால் துரிசை இன்னும் திறந்துவிடுவார்கள். திறக்கத் திறக்க உடைப்பு அகலும், கடைசி வயலுக்கு அப்போதும் போதாது.

உங்கள் மகளின் உடம்பில் அந்தக் கடைசி வயல்காரர் சிறுநீரகம். தனக்கு வரும் அழுத்தம் குறைந்ததும், உடம்பில் இரத்தமே குறைந்துவிட்டது என்று அது எண்ணிக்கொள்கிறது. ரெனின் என்ற பொருளை விடுகிறது. அதன் தொடர்ச்சியாக உப்பும் தண்ணீரும் வெளியே போகாமல் உடம்பில் தேங்குகின்றன. இரத்தத்தின் மொத்த அளவு கூடுகிறது. கூடிய இரத்தமும் உடைப்பின் வழியாகவே பாய்ந்து, மயிர்த்துளைக்குழாய்களைத் தொடாமல், ஒட்சிசனைக் கொடுக்காமல், அப்படியே இருதயத்துக்குத் திரும்பி வந்து நிற்கிறது. வயலில் வடிந்த தண்ணீர் குளத்துக்குத் திரும்பாது. இங்கே ஒவ்வொரு சொட்டும் திரும்புகிறது. வந்ததையெல்லாம் தள்ளியாக வேண்டிய இருதயம் விரிகிறது, வேகமாக அடிக்கிறது, ஒரு கட்டத்தில் தளர்கிறது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குகிறது, ஈரல் வீங்குகிறது. கூடுதலாக இரத்தம் தள்ளியும் வரும் இந்தத் தளர்ச்சிக்கு உயர்வெளியீட்டு இருதயத் தளர்ச்சி என்று பெயர். பெரியவர்களில் கடும் இரத்தசோகை, தைரொய்ட் மிகையாகச் சுரப்பது, விற்றமின் பி1 இல்லாமல் வரும் பெரிபெரி ஆகியவையும் இதே வழியில் இருதயத்தைக் களைக்க வைக்கும்.

இந்த உடைப்பைக் கையால் தொட்டே பார்க்கலாம். இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சிறுநீரக நோயாளி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவருடைய அனுமதியோடு மணிக்கட்டுக்கு மேலே, நாளம் புடைத்துத் தெரியும் இடத்தில் உள்ளங்கையை மெதுவாக வைத்துப் பாருங்கள். பூனை மடியில் படுத்துக் கர்ர்ர் என்பதுபோல ஓர் அதிர்வு தோலுக்குக் கீழே இடைவிடாமல் ஓடும். காதை வைத்தால் ஊதுவதுபோல் சத்தம் கேட்கும். நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சை வைத்தியர் வேண்டுமென்றே இணைத்துவிட்ட இடம் அது; இயந்திரத்துக்குத் தேவையான வேகத்தில் இரத்தம் எடுப்பதற்காக 1966 முதல் கையாளப்படும் முறை. ஒரு பெரிய மனிதரின் இருதயம் கையில் இருக்கும் அந்தச் சிறிய இணைப்பைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. ஆனாலும் இணைப்பு அளவுக்கு மீறி அகன்றால் அவருக்கும் இருதயம் களைக்கும். உங்கள் மகளுக்கு அப்படியொரு இணைப்பு, அவளுடைய அளவுக்கு மிகப் பெரியதாக, தலைக்குள் இருக்கிறது. 3 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் ஓடும் இரத்தம் மொத்தமே ஏறக்குறைய 250 மில்லிலீற்றர், ஒரு பெரிய தேநீர்க் கோப்பை அளவு. கடுமையான நிலையில், இருதயம் தள்ளுவதில் 80 சதவீதம் வரை தலைக்குள் உள்ள அந்த வழியாகப் போய்விடும். எஞ்சிய கொஞ்சத்தில் குடலும் சிறுநீரகமும் கைகால்களும் பிழைக்க வேண்டும்.

அப்படியானால் வயிற்றில் இருந்தபோது ஏன் தெரியவில்லை, பிறந்த அன்று நன்றாக அழுதாளே என்று நீங்கள் கேட்கலாம். வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடியும் தடை குறைந்த ஒரு பெரிய வழிதான். பிள்ளையின் இரத்தத்தில் கணிசமான பங்கை அது இழுத்துக்கொள்வதால் தலையின் உடைப்புக்குப் போவது ஓரளவு மட்டுப்படுகிறது. பிறந்து கொடியை வெட்டிய நிமிடத்தில் அந்த வழி மூடுகிறது. உடம்பின் மற்றப் பாகங்களில் தடை ஏறுகிறது. அதுவரை நஞ்சுக்கொடிக்குப் போனதும் சேர்ந்து தலையை நோக்கித் திரும்புகிறது. நுரையீரலும் அப்போதுதான் விரிந்து, தன் நாடிகளைத் தளர்த்தப் பழகிக்கொண்டிருக்கிறது. அதற்குள்ளேயே அளவுக்கு மீறிய இரத்தம் வந்து குவிகிறது. சில மணித்தியாலங்களில் தொடங்கி சில நாட்களுக்குள் பிள்ளை களைத்துப்போவது இதனால்தான். பிறந்த வீட்டில் யாரும் பார்க்கத் தவறியதாகவோ, பிரசவ அறையில் பிழை நடந்ததாகவோ எண்ண வேண்டாம்.

உச்சிக்குழியில் வைத்து ஸ்கான் எடுத்தார்கள், இருதயத்தில் ஓட்டை இல்லை, மூன்றாம் நாளே தளர்ச்சி என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் கேலன் நாளக் குறைபாடாக இருக்கும். கேலன் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர். மூளையின் நடுவே பின்பக்கம் இருக்கும் ஒரு பெரிய நாளத்துக்கு அவருடைய பெயர். உண்மையில் இந்தப் பிள்ளைகளில் வீங்கி நிற்பது அந்த நாளம்கூட இல்லை. கருவில் அதற்கு முன்னோடியாக இருந்து, தன் வேலை முடிந்ததும் மறைந்துபோக வேண்டிய வேறொரு நாளம். சில நாடிகள் அதற்குள் நேராகத் திறந்துவிடுவதால் மறையாமல் தங்கிப் பலூன்போல விரிகிறது. இந்தப் பிழை நடப்பது கருவின் 6ஆம் வாரத்துக்கும் 11ஆம் வாரத்துக்கும் இடையில்.

இந்த வாரக் கணக்கைத் தயவுசெய்து மனைவிக்கும் மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். 6ஆம் வாரத்தில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரியாது. மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து பதிந்து, கிளினிக் கொப்பி கிடைப்பதற்குள் அந்தக் குழாய்கள் தொடுபட்டு முடிந்திருக்கலாம். கிரகணமோ, கண்ணூறோ, அன்னாசி தின்றதோ, மாடிப்படி ஏறியதோ, கணவனோடு சண்டை பிடித்து அழுததோ இதை உண்டாக்கவில்லை. மாமியோடு வாதாடவும் வேண்டாம். தன் மகளின் வீட்டில், தன் கண் முன்னால் பேத்தி மூச்சு வாங்குவதைப் பார்க்கும் அந்தத் தாய்க்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. கோவிலில் நேர்த்தி வைப்பதாக இருந்தால் வைக்கட்டும், கையில் நூல் கட்டுவதாக இருந்தாலும் கட்டட்டும். பரிசாரியாரிடம் வாங்கிய எதையும் பிள்ளையின் வாயில் வைக்காமல் இருந்தால் போதும். ஒரு துளி மாந்த எண்ணெய்கூட வேண்டாம். இந்த நிலையில் உள்ள பிள்ளை விழுங்கும்போது புரையேறினால் தாங்காது. மனைவி சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்த மாகாணத்தில் ஒரு சிறிய வைத்தியசாலையில் இளம் வைத்தியராக இருந்தேன். கடலோரக் கிராமத்திலிருந்து 4 நாள் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். வேகமான மூச்சு, பால் இழுக்கத் தெம்பில்லை. கிருமித் தொற்று என்று முடிவுசெய்து அதற்கான ஊசியைத் தொடங்கினேன். பிறந்த குழந்தைக்கு மூச்சு வாங்கினால் முதலில் நினைக்க வேண்டியதும் அதுதான். அடுத்த நாள் காலை பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்த மூத்த தாதி என்னைக் கூப்பிட்டார். "டொக்டர், இந்தப் பிள்ளையின் கழுத்தைப் பாருங்கள், நாடி குதிக்கிறது. தொடையில் பிடித்துப் பார்த்தேன், கிடைக்கவே இல்லை." அப்போதுதான் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுத்து உச்சியில் வைத்தேன். வயல்வெளிக்கு அப்பால் நெல் ஆலை ஓடுவது கேட்குமே, அப்படி ஓர் இரைச்சல், இருதயத் துடிப்போடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையை அன்றே மாற்றினோம், பிழைத்தது. ஆனால் நான் இழந்த அந்த ஒரு நாள் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானது. அன்றிலிருந்து, காரணம் தெரியாமல் இருதயம் களைத்த எந்தக் குழந்தை வந்தாலும் நெஞ்சோடு நிற்பதில்லை. உச்சியிலும் ஈரலின் மேலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கிறேன். இதை வாசிக்கும் மருத்துவ மாணவர் யாராவது இருந்தால் தயவுசெய்து இந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். எக்கோ எனப்படும் இருதய ஸ்கானில் இருதயம் அமைப்பில் சரியாக இருந்து, வலப்பக்கம் விரிந்து, தலையிலிருந்து இரத்தம் கொண்டுவரும் மேற்பெருநாளம் பருத்து, இறங்கும் பெருநாடியில் இரண்டு துடிப்புகளுக்கு இடையே இருதயம் ஓய்ந்து நிரம்பும் நேரத்தில் இரத்தம் மேல்நோக்கித் திரும்பினால், பிழை தலையில்தான் இருக்கிறது.

உங்கள் மகளின் வைத்தியர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாதி வழி கடந்தாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். மீதி வழி கடினமானது. ஆனால் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

சிகிச்சை இரண்டு அடுக்காக நடக்கும். முதல் அடுக்கு இருதயத்துக்கு மூச்சுவிட அவகாசம் கொடுப்பது: தேங்கிய நீரை வெளியேற்றும் ஃபுரோசமைட் போன்ற மருந்து, தேவைப்பட்டால் இருதயத்துக்கு வலுவூட்டும் மருந்து, சுவாச உதவி, பாலை மூக்குக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. மருந்து உடைப்பைக் கட்டாது, காலத்தை வாங்கித் தரும். அந்தக் காலத்துக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு.

இரண்டாவது அடுக்கு உடைப்பையே கட்டுவது. மண்டையைத் திறப்பதில்லை. தொடையில் உள்ள நாடி வழியாக கதீற்றர் என்ற நூல்போன்ற மெல்லிய குழாயை ஏற்றி, பெருநாடி, கழுத்து என்று கடந்து, பிழையாகத் தொடுபட்ட இடம் வரைக்கும் எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே கொண்டுபோவார்கள். அங்கே, இரத்தம் பட்டதும் இறுகும் ஒருவகைப் பசையை விட்டோ, உலோகச் சுருள்களை வைத்தோ அந்த வழியை அடைப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைப்பதில்லை. அவ்வளவு பெரிய ஓட்டத்தைத் திடீரென நிறுத்தினால் மூளை தாங்காது, இரத்தக்கசிவு வரலாம். இருதயம் ஆறுகிற அளவுக்கு முதலில் அடைத்து, பிறகு வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ இடைவெளி விட்டு மீண்டும் செய்வார்கள்.

எப்போது தொடங்குவது என்பதுதான் இதில் மிக நுணுக்கமான முடிவு. பாரிஸ் நகருக்கு அருகே உள்ள பிசெத்ர் வைத்தியசாலையில் பியர் லஸ்ஜோனியாஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவும் இதற்காக 21 புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார்கள். இருதயம், மூளை, சுவாசம் ஒவ்வொன்றுக்கும் 5, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் 3 வீதம். பிள்ளை 12 புள்ளிக்கு மேல் எடுத்தால் மருந்தோடு தாங்கவைத்து 5, 6 மாதம் வரை வளரவிடுவது நல்லது. குழாய்கள் கொஞ்சம் பருக்கும், வேலை பாதுகாப்பாக நடக்கும். 8க்கும் 12க்கும் இடையில் இருந்தால் காத்திருக்காமல் உடனே அடைக்க வேண்டும். 8க்குக் கீழே என்றால் மூளையும் மற்ற உறுப்புகளும் ஏற்கனவே கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் பிள்ளையை இந்தச் சிகிச்சைக்குள் இழுக்காமல் விடுவதே கருணை என்று அந்தக் குழு கருதியது. இன்று எல்லா நிலையங்களும் இந்தப் புள்ளிகளை வரிக்கு வரி பின்பற்றுவதில்லை. ஆனாலும் "கொஞ்சம் பொறுப்போம்" என்று கொழும்பில் யாராவது சொன்னால், கவனிக்காமல் விடுகிறார்கள் என்று கோபப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை விவரமாக எழுதினேன். காத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், 34 வாரத்தில், பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஊசி வழியாக இந்தக் குழாயை அடைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு இந்தத் துறை நகர்ந்துகொண்டிருக்கிறது.

பிழைக்குமா என்று கேட்டீர்கள். கதீற்றர் முறை வருவதற்கு முன், பிறந்த சில நாட்களிலேயே களைத்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இறந்தார்கள். இப்போது அனுபவமுள்ள கைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அவர்களில் பலர் மற்றப் பிள்ளைகளைப்போலவே வளர்கிறார்கள். சிலருக்கு வலிப்பு, வளர்ச்சியில் பின்னடைவு, தலையில் நீர் கோத்தல் ஆகியவை வரக்கூடும். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்பதை அவளுடைய மூளை ஸ்கானும், சிறுநீரகமும் ஈரலும் எவ்வளவு தாங்கியிருக்கின்றன என்பதும்தான் சொல்லும். ஆகவே கொழும்பில் வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இருதயம் எப்படி?" என்பது இல்லை. "மூளைத் திசு இதுவரை பாதிக்கப்பட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் கசப்பாக இருந்தாலும், அடுத்து எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அதில்தான் நிற்கிறது.

இதே தலைப்பில் வேறு வீடுகளிலும் கவலை இருக்கும் என்பதால் மற்ற வகைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். பிழையான தொடுப்பு தலையில் மட்டும் வருவதில்லை. அடிக்கடி காண்பது, பெருநாடியையும் நுரையீரல் நாடியையும் இணைக்கும் குழாய் மூடாமல் இருப்பது. வயிற்றில் இருக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் அது திறந்தே இருக்க வேண்டும். பிறந்து சில நாட்களில் தானாக மூடும். மாதம் நிறையாமல் பிறந்தவர்களில் மூடாமல் தங்குவது அதிகம். அது பெரிதாக இருந்தால் நுரையீரலுக்குள் இரத்தம் பெருகி இருதயம் களைக்கும். தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா என்ற ஜேர்மன் சின்னமுத்து வந்தாலும் இது ஏற்படலாம். இலங்கையில் 1996இல் ருபெல்லாத் தடுப்பூசியைத் தொடங்கியதற்கு ஒரு காரணம் இப்படிப்பட்ட பிள்ளைகள்தான். 1938இல் பொஸ்டனில் ரொபர்ட் குரொஸ் என்ற வைத்தியர் முதன்முதலாக இந்தக் குழாயைக் கட்டி வெற்றி கண்டார். இன்று பெரும்பாலும் நெஞ்சைத் திறக்காமலே கதீற்றரால் மூடிவிடுகிறார்கள். இந்தச் செய்தி கிடைத்த பெற்றோர் உங்களைப்போலப் பயப்பட வேண்டியதில்லை.

ஈரலிலும் வரும். ஈரலில் இரத்தக்குழாய்க் கட்டிகள் நிறைய உள்ள குழந்தைக்கும் இதே தளர்ச்சி ஏற்படலாம்; தோலில் செந்நிறக் கட்டிகள் பல இருந்தால் வயிற்றை ஸ்கான் செய்யச் சொல்வது அதற்காகத்தான். அந்தவகைக் கட்டி புரொப்ரனலோல் என்ற பழைய மாத்திரைக்குச் சுருங்கும் என்று 2008இல் பிரான்சில் கண்டறிந்தது பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. கையிலோ காலிலோ வந்தால் அந்த அவயவம் மற்றதைவிட நீளமாக, பருமனாக, தொட்டால் சூடாக இருக்கும். பெரியவர்களில், அடிக்கடி மூக்கால் இரத்தம் வடிவதும் உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிவந்த புள்ளிகள் இருப்பதும் ஒரே குடும்பத்தில் தலைமுறையாகத் தொடர்ந்தால், அது பரம்பரை இரத்தக்குழாய் நோயாக இருக்கலாம். ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களில் சிலருக்கு ஈரலில் உள்ள இணைப்புகளால் நடுவயதில் இருதயம் களைக்கலாம். "அப்பாவுக்கும் அப்படித்தான், சூட்டு உடம்பு" என்று சொல்லி மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு போகும் மனிதர்களை நம் ஊரில் நிறையக் கண்டிருக்கிறேன். ஒருமுறை கிளினிக்கில் காட்டுங்கள்.

உங்கள் குடும்பத்திலும் இதையெல்லாம் விசாரித்து வையுங்கள், தம்பி. குறிப்பாக, உங்களுக்கோ மனைவிக்கோ உறவினருக்கோ தோலில் சுற்றிலும் வெளிறிய வளையத்தோடு இளஞ்சிவப்புப் படைகள் பிறவியிலிருந்தே இருக்கின்றனவா என்று பாருங்கள். கேலன் நாளக் குறைபாடு பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தனியாக வருவது. ஒரு சிறு பகுதியினரில் மட்டும் மரபணு மாற்றம் ஒன்று பின்னால் இருக்கிறது. இந்தப் படைகள் அதற்கு அடையாளம். இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அது பயன்படும். எப்படியானாலும் அடுத்த கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் நிற டொப்ளர் ஸ்கான் ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் குறைபாடு பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.

கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். புறப்படுவதற்கு முன் எக்கோ ரிப்போர்ட், தலை ஸ்கான் படங்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அனுப்பும் கடிதத்தோடு இருக்கின்றனவா என்று ஒருமுறை கேளுங்கள். தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை வீட்டில் விட்டுவிடாதீர்கள். அதில் பிறந்த அன்று குறித்த தலைச் சுற்றளவு இருக்கிறது, அந்த ஓர் எண் அங்கே உள்ளவர்களுக்குப் பெரிய துணை. தலை வேகமாகப் பெருத்தால் நீர் கோக்கிறது என்பதை அதை வைத்துத்தான் கண்டுகொள்வார்கள்.

காத்திருக்கச் சொல்லி மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினால், நீங்கள்தான் காவல். பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறதா, இரண்டு இழுவைக்கு ஒரு முறை விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறாளா என்று பாருங்கள். உறங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் காட்டுங்கள். இரண்டே நாளில் எடை திடீரென ஏறினால் மகிழ வேண்டாம், அது சதை இல்லை, நீர். மருந்தைக் கரண்டியால் அளக்காமல் அவர்கள் தரும் சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால், நீர் போக்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதா என்று அன்றே கேளுங்கள். நம் சித்திரை வெயிலில் சின்ன உடம்பு வற்ற நேரம் எடுக்காது. உதடு நீலம் பாய்ந்தால், கண் செருகினால், கைகால் வெட்டி இழுத்தால் ஓட்டோவைத் தேட வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், பணம் கேட்கமாட்டார்கள்.

மனைவி சாப்பிட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? மகளால் இப்போது உறிஞ்சிக் குடிக்க முடியாது. ஆனால் அவளுக்குச் சிறந்த உணவு தாயின் பால்தான், அளவில் கொஞ்சமாகவும் அடிக்கடியும். பிள்ளை உறிஞ்சாத மார்பில் சில நாட்களில் பால் வற்றத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, கையால் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். வார்ட்டில் உள்ள தாதியரிடம் சொன்னால் பீய்ச்சும் முறையைக் காட்டித்தருவார்கள், கழுவிய கோப்பையும் தருவார்கள். அதனால் அம்புலன்ஸில் தாய்க்கும் இடம் உண்டா என்று இன்றே கேளுங்கள். இல்லை என்றால் இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ அவரைப் பின்னாலேயே கூட்டிக்கொண்டு போங்கள். மாமியும் கூடப் போகட்டும். அங்கே சோறு கொண்டுவந்து கொடுக்க ஒருவர் வேண்டும்.